ஆழ்கடலில் எண்ணெய் தோண்டும் ஏஐ: ஆக்சிலரேட்டர் மெஷினிடம்... பிரேக் யாரிடம்?

தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கும் கயானா, சுமார் 8 லட்சம் பேர் மட்டுமே வாழும் சிறிய நாடு. அதன் கரையிலிருந்து ஏறக்குறைய 190 கி.மீ. தள்ளி, ஒன்றரை கி.மீ.க்கும் மேல் ஆழமுள்ள கடலில் ராட்சத டிரில்லிங் கப்பல்கள் நின்று வேலை பார்க்கின்றன. கடலின் தரையைத் தொட்ட பிறகும், அங்கிருந்து இன்னும் சில கி.மீ. பாறையைக் குடைந்து கீழே போக வேண்டும். டிரில் பிட்டை எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு வேகமாகச் சுற்றுவது என்ற முடிவை அங்கே ஒரு மென்பொருள் எடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆழ்கடலில் ஏஐ உதவியோடு தானியங்கியாகத் துளையிட்ட முதல் நிறுவனம் தாங்கள்தான் என்று எக்ஸான்மொபில் சொல்லிக்கொள்கிறது.

டிரைவர் இல்லாத கார் மாதிரி, டிரில்லர் இல்லாத கிணறா? கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் போகிறது. வேகம் கூடுகிறது, செலவு குறைகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எண்ணெய்க் கிணறுகளின் பெரிய விபத்துகளை எடுத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான விஷயம் கண்ணில் படுகிறது. ஏஐ இப்போது நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும் வேலை ஒன்று. மனிதர்கள் கோட்டைவிட்ட வேலை வேறொன்று.

டிரில்லர் என்ன செய்வார்?

நம்ம ஊர் போர்வெல் லாரியைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் சத்தம் மாறுவதை வைத்தே 'பாறை வந்துடுச்சு' என்று சொல்லிவிடுவார் ஆபரேட்டர். ஆழ்கடல் டிரில்லரின் வேலையும் அடிப்படையில் அதேதான். ஏசி கேபின், நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் ஜாய்ஸ்டிக், எதிரே வரிசையாக ஸ்கிரீன்கள் என்று இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அவர் கையில் முக்கியமாக மூன்று விஷயங்கள். பிட் மேல் விழும் எடை, குழாய் சுற்றும் வேகம், 'மட்' எனப்படும் கனமான திரவத்தைக் கிணற்றுக்குள் பம்ப் செய்யும் அளவு. எடையைக் கூட்டினால் வேகமாகக் குடையலாம்தான். ஆனா, ஓர் அளவுக்கு மேல் போனால் சிக்கல். ஆறு கி.மீ. நீளமுள்ள இரும்புக் குழாய் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். மேலே மோட்டார் சீராகச் சுற்ற, கீழே பிட் பாறையில் மாட்டி ஒரு கணம் நிற்கும். அப்புறம் முறுக்கு அவிழ்ந்து பல மடங்கு வேகத்தில் சுழன்றடிக்கும். பிட் உடைந்தால் மொத்தக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே இழுத்து, புதுசு மாட்டி, மறுபடியும் இறக்க வேண்டும்.

மட் வெறும் உயவுத் திரவம் இல்லை. கிணற்றின் முதல் பாதுகாப்புச் சுவரே அதுதான். பாறைக்குள் சிக்கியிருக்கும் எண்ணெயும் வாயுவும் பெரிய அழுத்தத்தில் இருக்கும். துளை அங்கே போய்ச் சேர்ந்ததும் அவை மேலே பாயப் பார்க்கும். அதை அழுத்திப் பிடித்து வைப்பது மட்டின் எடை. எடை குறைந்தால் வாயு உள்ளே புகும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் 'கிக்'. கூடினால் பாறையே பிளந்து, மட் அந்தப் பிளவுக்குள் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள்தான் எப்போதும் இருக்க வேண்டும். நிலத்தில் அந்த இடைவெளி ஓரளவு அகலமாக இருக்கும். ஆழ்கடலில் மேலே ஒன்றரை கி.மீ.க்குப் பாறைக்குப் பதில் வெறும் தண்ணீர் என்பதால், மேலிருந்து அழுத்தும் எடை குறைவு. எனவே பாறை சீக்கிரம் பிளக்கும், இடைவெளி ரொம்பச் சுருங்கிவிடும்.

மெஷின் எதைக் கற்றுக்கொண்டது?

எக்ஸான்மொபில் ஒரே நாளில் ஏஐ-க்குத் தாவிவிடவில்லை. ஒரு கன அளவு பாறையை உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கை வைத்து டிரில்லிங்கை மேம்படுத்தும் முறையை அந்நிறுவனம் 2000-களிலேயே பின்பற்றத் தொடங்கியது. ஆற்றல் வீணாகிறது என்றால் கீழே ஏதோ சரியில்லை: குழாய் அதிர்கிறது, அல்லது பிட் மழுங்கிவிட்டது. அடுத்த கட்டமாக வந்தது ஆலோசனை சொல்லும் மென்பொருள். 'எடையைக் கொஞ்சம் கூட்டு, சுற்றும் வேகத்தைக் குறை' என்று ஸ்கிரீனில் காட்டும். கேட்பதும் கேட்காததும் டிரில்லர் இஷ்டம். கயானாவில் நடந்திருப்பது இதற்கு அடுத்த படி. மென்பொருள் சொல்வதோடு நிற்காமல், தானே மாற்றுகிறது, விளைவைப் பார்க்கிறது, மறுபடி மாற்றுகிறது. கூகுள் மேப்ஸ் வழி சொல்வதற்கும், ஸ்டியரிங்கையே பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்.

மற்றவர்களும் சும்மா இல்லை. 2021-ல் நேபர்ஸ் நிறுவனத்தின் முழுத் தானியங்கி ரிக் ஒன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் எக்ஸான்மொபிலுக்காகவே ஒரு கிணற்றைத் தோண்டி முடித்தது. குழாய்களைத் தூக்கி மாட்டியதெல்லாம் ரோபோக்கள். பிரேசில் கடலில் எக்வினார் நிறுவனத்தின் பெரெக்ரினோ சி தளத்தில், 2.6 கி.மீ. நீளப் பகுதியின் 99 சதவீதத்தைத் தானியங்கி முறையிலேயே குடைந்ததாகவும், வேகம் 60 சதவீதம் கூடியதாகவும் எஸ்எல்பி அறிவித்தது. எஸ்எல்பி என்பது ஷ்லம்பர்ஜரின் புதுப்பெயர். இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரெக்ரினோவில் கடல் ஆழம் நூறு மீட்டர் சுமாருக்குத்தான். ஆழ்கடல் சாதனை என்று இதை யாராவது ஷேர் செய்தால் நம்ப வேண்டாம்.

ரோபோக்கள் விஷயத்தில் மட்டும் வாதத்துக்கே இடமில்லை எனலாம். டிரில் தளத்தில் டன் கணக்கில் எடையுள்ள குழாய்கள் ஆடிக்கொண்டிருக்கும் இடத்தில் மனிதர் நிற்கத் தேவையில்லாமல் போவது நல்லதுதான். கைவிரல் போனவர்கள், உயிரே போனவர்கள் அந்தத் தளங்களில் ஏராளம்.

கீழே என்ன நடக்கிறது என்று ஏஐ-க்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பிட்டுக்குப் பக்கத்தில் சென்சார்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து மேலே வர வைஃபையும் கிடையாது, பெரும்பாலும் கேபிளும் கிடையாது. குழாய்க்குள் ஓடும் மட்டில் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்கி, அந்தத் துடிப்பு வழியாகத் தகவல் அனுப்புகிறார்கள். தண்ணீர்க் குழாயைத் தட்டி மாடியில் இருப்பவருக்குச் சேதி சொல்வது மாதிரி. வேகம், நொடிக்குச் சில பிட்கள் முதல் சில பத்து பிட்கள் வரை. நொடிக்கு 10 பிட் என்றால், 'சரி' என்ற ஒரே சொல்லைத் தமிழ் யூனிகோடில் அனுப்ப 7 நொடிக்கு மேல் ஆகும். கேபிள் பொதிந்த குழாய்கள் வந்துவிட்டன; விலைதான் அதிகம். ஆக, பெரும்பாலான இடங்களில் ஏஐ முழுக் காட்சியைப் பார்த்து ஓட்டுவதில்லை. மேலே கிடைக்கும் அழுத்தம், முறுக்கு, எடை ஆகியவற்றை வைத்துக் கீழே என்ன நடக்கும் என்று ஊகித்து ஓட்டுகிறது. அனுபவமுள்ள டிரில்லரும் அப்படித்தான் ஓட்டினார். மெஷின் சலிப்பில்லாமல், ஒவ்வொரு நொடியும் செய்கிறது. அதில் அது ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

கணக்கு எங்கே இருக்கிறது?

ஆழ்கடல் டிரில்லிங் கப்பல் ஒன்றின் ஒருநாள் வாடகை இன்றைய சந்தையில் 4 லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ரூபாயில் மூன்று கோடிக்கு மேல். ஹெலிகாப்டர், சப்ளை படகுகள், சிமென்ட் கம்பெனி, மட் கம்பெனி எல்லாம் தனி. ஒரு கிணற்றில் ஐந்து நாள் மிச்சமானால் என்ன லாபம் என்று போட்டுப் பாருங்கள். இந்தத் தொழிலில் ஏஐ முதலில் எந்த வேலைக்கு வந்தது என்பதற்கான காரணம் அதில் இருக்கிறது. குடையும் வேகத்தை அளக்கலாம், பில்லில் காட்டலாம், அடுத்த கிணற்றோடு ஒப்பிடலாம்.

கயானாவைப் பொறுத்தவரை இது கம்பெனி லாபம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டு அரசு 2016-ல் போட்ட ஒப்பந்தப்படி, எடுக்கும் எண்ணெயில் 75 சதவீதம் வரை கம்பெனிகள் தங்கள் செலவுக்காகக் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில்தான் பாதிக்குப் பாதி பங்கு. அதோடு 2 சதவீதம் ராயல்டி. கிணறு தோண்டும் செலவு குறைந்தால், கழிக்கும் கணக்கும் குறையும், நாட்டின் கைக்கு வருவது கூடும். வேகமாகத் தோண்டுவதில் கயானாவுக்கும் நேரடி லாபம் உண்டு. தப்பு நடந்தால் என்ன ஆகும் என்பது தனிக்கதை, பிறகு வருவோம்.

2010 ஏப்ரல் 20, இரவு 9.08

அமெரிக்காவின் லூசியானா கரையிலிருந்து சுமார் 65 கி.மீ. தூரத்தில், மெக்சிகோ வளைகுடாவில் நின்றுகொண்டிருந்தது டீப்வாட்டர் ஹொரைசன். ரிக் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. வாடகைக்கு எடுத்திருந்தது பிபி. கடல் ஆழம் சுமார் 1,500 மீட்டர். மகோண்டோ என்ற அந்தக் கிணறு மொத்தம் சுமார் 5,600 மீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தது. அன்று இரவு வெடித்தது. 126 பேர் இருந்த ரிக்கில் 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. கடலில் கலந்தது சுமார் 32 லட்சம் பீப்பாய் என்றது நீதிமன்றம். அரசின் மதிப்பீடு 49 லட்சம். பிபி-க்கு ஆன செலவு 6,500 கோடி டாலருக்கு மேல்.

இந்தக் கதை பலருக்குத் தெரியும், ஹாலிவுட் படமும் வந்தது. ஆனால் ஏஐ விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு விவரம்: அன்று அங்கே யாரும் துளை போட்டுக்கொண்டிருக்கவில்லை. டிரில்லிங் எப்போதோ முடிந்துவிட்டது. சிமென்ட் போட்டாகிவிட்டது. கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டு, ரிக்கை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் கடைசி வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

சிமென்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை செய்தார்கள். உள்ளே அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அது மறுபடி ஏறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. டிரில் குழாயில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. கார் டயரில் இருப்பது 30, 35 பிஎஸ்ஐ. பக்கத்துக் குழாயில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை. ஒரே அளவைத்தான் காட்ட வேண்டும். ஏன் இப்படி என்று ரிக்கில் பேச்சு நடந்தது. 'ப்ளாடர் எஃபெக்ட்' என்று ஒரு விளக்கம் வந்தது, பலர் தலையாட்டினார்கள், சோதனை பாஸ் என்று முடிவானது. பின்னர் விசாரித்தவர்கள் அப்படியொரு விளைவுக்கு அடிப்படையே இல்லை என்றார்கள்.

அப்புறம் கிணற்றுக்குள் இருந்த கனமான மட்டை எடுத்துவிட்டு, லேசான கடல்நீரை இறக்கத் தொடங்கினார்கள். 9.08-க்குப் பம்புகளை நிறுத்தினார்கள். பம்ப் நின்றால் அழுத்தம் அப்படியே இருக்க வேண்டும், அல்லது இறங்க வேண்டும். அடுத்த ஐந்தரை நிமிடத்தில் அது சுமார் 250 பிஎஸ்ஐ ஏறியது. ஸ்கிரீனில் அந்தக் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பார்த்துப் பதறவில்லை. 9.40 வாக்கில் மட் தளத்துக்கே பொங்கி வந்தது. 9.49-க்கு முதல் வெடிப்பு.

அமெரிக்க அதிபர் நியமித்த விசாரணை ஆணையம் 2011-ல் இதையேதான் சுட்டிக்காட்டியது. சரியான ஆள், சரியான நேரத்தில், சரியான கோட்டைப் பார்த்தால்தான் ஆபத்து பிடிபடும் என்ற நிலையில் ஒரு ரிக் இருக்கக் கூடாது. தானாகக் கண்டுபிடித்து எச்சரிக்கும் அல்காரிதம்களைத் திரையில் வைக்காததற்குக் காரணமே இல்லை என்பது அதன் சாரம். ஏஐ ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம் இது. பம்ப் நின்ற பிறகு அழுத்தம் ஏறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஏஐ கூடத் தேவையில்லை, எக்செல் போதும் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கேதான் ட்விஸ்ட். அன்று மாலை ரிக்கிலிருந்து பக்கத்துப் படகுக்கு மட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் எவ்வளவு திரவம் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு குழம்பியிருந்தது. 9.08-க்குப் பிறகு வெளியே வந்த திரவத்தை நேராகக் கடலில் விட்டார்கள்; அந்தப் பாதை, மட் கண்காணிப்பாளரின் அளவுமானியைத் தாண்டிப் போனது. அதாவது ஓர் ஏஐ அங்கே உட்கார்ந்திருந்தாலும், அதன் கண்களில் பாதியை மனிதர்களே கட்டியிருப்பார்கள். அழுத்தக் கோடு ஒன்றை மட்டும் வைத்து அது கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால்? அதே ரிக்கில் பொது அபாய மணி தானாக அடிக்காதபடி வைக்கப்பட்டிருந்ததாக அங்கே வேலை பார்த்த தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் விசாரணையில் சாட்சி சொன்னார். காரணம், பொய் அலாரத்தால் நடுராத்திரியில் யாரும் எழுந்துகொள்ளக் கூடாதாம்.

குடைந்து முடித்த பிறகு

மகோண்டோ தனி விதிவிலக்கு இல்லை. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2009 ஆகஸ்ட் 21-ல் ஆஸ்திரேலியாவின் மொன்டாரா கிணறு வெடித்து 74 நாள் கசிந்தது. சில மாதங்களுக்கு முன்பே சிமென்ட் போட்டு நிறுத்தி வைக்கப்பட்ட கிணறு அது. நம்ம நாட்டில், அசாமின் பாக்ஜன். ஆயில் இந்தியாவின் அந்த வாயுக் கிணறு 2020 மே 27-ல் பீறிட்டு, ஜூன் 9-ல் தீப்பிடித்து, நவம்பரில்தான் அடங்கியது. அங்கேயும் டிரில்லிங் நடக்கவில்லை. ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த கிணற்றில் பராமரிப்பு வேலை. சிமென்ட் போட்டுவிட்டு, அது இறுகும் முன்பே மேலே இருந்த ப்ளோஅவுட் பிரிவென்டரைக் கழற்றினார்கள். கிணறு பீறிட்டால் குழாயையே வெட்டி மூடும் கடைசித் தடுப்பு அது.

குடையும்போது கிக் வருவதில்லை என்று அர்த்தமில்லை, தாராளமாக வரும். ஆனால் குடையும்போது எல்லோரும் அதை எதிர்பார்த்து நிற்பார்கள். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்ற மனநிலையில், இரண்டு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது, கம்பெனிக்குக் கம்பெனி பொறுப்பு மாறும் இடத்தில்தான் இந்த மூன்றும் நடந்தன. அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகள் சுற்றும் வேகம், பிட் எடை மாதிரி எண்கள் இல்லை. 'இந்தச் சோதனை பாஸா, ஃபெயிலா?', 'சிமென்ட் இறுகிவிட்டதா?', 'நாளைக்குப் பார்க்கலாமா, இன்றே முடிக்கலாமா?' என்பவை. கயானாவில் விளம்பரப்படுத்தப்படும் ஏஐ இந்த வேலைக்கானது இல்லை.

இதற்கும் ஏஐ செய்யலாமே? முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் டேட்டா இல்லை. குடையும் வேலையில் ஒவ்வொரு கிணறும் லட்சக்கணக்கான வரிசை டேட்டாவைக் கொட்டுகிறது. தப்பு செய்தால் கொஞ்சம் வேகம் குறையும், மெஷின் கற்றுக்கொள்ளும். ப்ளோஅவுட்டோ அரிது. நல்லவேளை அரிது, அதனாலேயே மெஷினுக்குப் பாடம் நடத்த உதாரணங்கள் குறைவு. இருக்கிற கொஞ்சமும் கம்பெனிகளின் பூட்டிய அலமாரிக்குள், வக்கீல் நோட்டீஸ்களுக்கு நடுவே இருக்கிறது. இன்னொரு பிரச்னை, கப்பல். நிலத்தில் மட் தொட்டியின் அளவு கொஞ்சம் ஏறினால் கிக் என்று சந்தேகப்படலாம். கடலில் கப்பல் ஏறி இறங்கி ஆடுகிறது, தொட்டி அலையடிக்கிறது. உண்மையான கிக் எது, அலை எது என்று பிரிக்கத் தெரியாத மென்பொருள் ராத்திரி முழுக்க அலாரம் அடிக்கும். பத்தாவது பொய் அலாரத்துக்குப் பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் ஹொரைசனில் பார்த்தோம்.

மனிதர் பக்கத்தில் இருக்கிறாரே?

'எப்போது வேண்டுமானாலும் டிரில்லர் தலையிடலாம்' என்பது எல்லாத் தானியங்கி சிஸ்டம்களிலும் வரும் வாக்கியம். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இதில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிட்டார். 'ஆட்டோமேஷனின் முரண்கள்' என்பது அவருடைய கட்டுரையின் தலைப்பு. சுலபமான வேலையை மெஷினிடம் கொடுத்துவிட்டு, மெஷினால் முடியாத மோசமான நிமிடத்தை மட்டும் மனிதருக்கு ஒதுக்குகிறோம். ஆனால் தினமும் கை வைத்துச் செய்தால்தானே அந்த நிமிடத்தைச் சமாளிக்கும் திறமை வரும்? அந்தப் பழக்கத்தைத்தான் மெஷின் எடுத்துக்கொண்டது.

2009 ஜூன் 1-ல் ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். வேகமானிகளில் பனி உறைந்ததும் ஆட்டோபைலட் கைவிட்டது. திடீரென்று கட்டுப்பாடு கைக்கு வந்த விமானிகளுக்கு என்ன நடக்கிறது என்று புரியவே இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள்.

ரிக்கில் இது வேறு மாதிரி வரும். குழாயைக் கையால் ஓட்டிய தலைமுறை ஓய்வு பெறுகிறது. புதிதாக வருபவர்கள் ஸ்கிரீனைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஹூஸ்டனிலோ, நார்வேயின் ஸ்டவாங்கரிலோ கரையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பல கிணறுகளைக் கவனிக்கும் வேலைகள் பெருகுகின்றன. ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்த்த தலைமுறைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் தளம் அதிர்வதைக் காலில் உணர்ந்தவருக்கும், அதை வரைபடமாகப் பார்ப்பவருக்கும் வித்தியாசம் உண்டா என்று பயிற்சி கொடுப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. டிரில்லர் வேலை போகுமா என்ற கேள்விக்கு உடனடி பதில், போகாது. பெயர் அப்படியே இருக்கும். அந்த நாற்காலியில் இருப்பவர் செய்வது கண்காணிப்பாக மாறும்.

சிவப்பு பட்டனை யார் அழுத்துவது?

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள சேஃப் இன்ஃப்ளக்ஸ் என்ற நிறுவனம் வேறு ரூட்டில் போகிறது. கிணற்றுக்குள் வாயு புகுந்துவிட்டது என்று தெரிந்தால், யாரையும் கேட்காமல் குழாயைச் சரியான உயரத்துக்குத் தூக்கி, சுழற்சியை நிறுத்தி, பம்பை நிறுத்தி, ப்ளோஅவுட் பிரிவென்டரை மூடிவிடும் சிஸ்டம் அவர்களுடையது. அதற்குள் பிரமாதமான ஏஐ என்று ஒன்றும் இல்லை. இவ்வளவு திரவம் அதிகம் வந்தால் மூடு என்று முன்கூட்டியே வைத்த எல்லை, அவ்வளவுதான். செய்திகளில் வேகச் சாதனைகள் அளவுக்கு இது பேசப்படுவதில்லை. ஆனால் மகோண்டோ இரவோடு நேரடித் தொடர்புடையது இந்த மாதிரி சிஸ்டம்தான்.

அப்படியானால் எல்லா ரிக்கிலும் ஏன் இல்லை? ஒரு முறை தப்பாக மூடினால் பல மணி நேரம் வீண், குழாய் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து வேறு. மூன்று கோடி ரூபாய் நாள் வாடகையில், 'மெஷின் தேவையில்லாமல் மூடிவிட்டது' என்ற பழியை ஏற்க யாருக்கும் மனம் வராது. எனவே எல்லையை எங்கே வைப்பது என்பது வெறும் இன்ஜினீயரிங் முடிவாக இருப்பதில்லை. ரிக் ஓனர் ஒருவர், எண்ணெய்க் கம்பெனி ஒன்று, மென்பொருள் கொடுத்தது வேறொன்று. மகோண்டோவில் பிபி, டிரான்ஸ்ஓஷன், சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டன் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டிப் பல வருடம் கோர்ட்டில் நின்றார்கள். இனி அந்த வரிசையில் அல்காரிதம் விற்றவரும் நிற்பார்.

பழியும் பணமும்

கயானா மக்களுக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, ஏஐ காரணமாக இல்லாவிட்டாலும். எண்ணெய் கசிந்தால் முழுச் செலவையும் தாய்க் கம்பெனியே ஏற்கும் என்று வரம்பில்லாத உத்தரவாதம் வேண்டும் எனக் குடிமக்கள் இருவர் வழக்கு போட்டார்கள். 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, இடைக்காலமாக 200 கோடி டாலர் உத்தரவாதம் போதும் என்றது. மகோண்டோவில் பிபி செலவழித்ததன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்: முப்பதில் ஒரு பங்கு. இதற்கிடையே உற்பத்தி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2019 டிசம்பரில் முதல் எண்ணெய். 2025 ஆகஸ்டில் நான்காவது உற்பத்திக் கப்பல் வேலையைத் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 9 லட்சம் பீப்பாய் அளவுக்கு எடுக்கும் திறன் வந்துவிட்டது.

மெஷின் வேகமாகத் தோண்டியதால் மிச்சமாகும் டாலர், ஒப்பந்தப்படி இரண்டு தரப்புக்கும் பிரிகிறது. மெஷினோ, மனிதரோ தப்பு செய்தால் வரும் செலவில் 200 கோடி டாலருக்கு மேல் யார் தலையில் என்பது அந்த வழக்கில் தொங்கியது.

இந்தியாவில் எங்கே நிற்கிறது?

ஆந்திராவின் காக்கிநாடாவுக்கு அப்பால், கிருஷ்ணா கோதாவரி படுகையில் ஓஎன்ஜிசி-யின் ஆழ்கடல் திட்டத்தில் 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் வந்தது. 2025 சுதந்திர தின உரையில் ஆழ்கடல் எண்ணெய் தேடலுக்கான தேசிய இயக்கத்தைப் பிரதமர் மோடி அறிவித்தார். கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக ஆழமான கடலில் மூன்று பிளாக்குகள் ஓஎன்ஜிசி-க்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. தென்மாவட்ட மீனவர்கள் அதற்கு எதிராகப் போராடி வருகிறார்கள்.

அந்த ஆழத்தில் கிணறு தோண்ட கப்பல் வந்தால், அது உலகச் சந்தையில் வாடகைக்குக் கிடைக்கும் கப்பலாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம். அதில் ஏதாவது ஒரு வகைத் தானியங்கி டிரில்லிங் மென்பொருளும் இருக்கும். 'லேட்டஸ்ட் டெக்னாலஜி, ஏஐ இருக்கு, பயப்படாதீங்க' என்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது சொன்னால், அந்த ஏஐ குடையும்போது மட்டும் வேலை செய்யுமா, சிமென்ட் சோதனையின்போதும் விழித்திருக்குமா, கிணற்றை மூடும் அதிகாரம் அதற்கு உண்டா, அந்த எல்லையை வைத்தது யார் என்று திருப்பிக் கேட்கலாம். நான்கு கேள்விக்கும் பதில் ரிக் ஆவணங்களில் இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும்.